மண்டபத்து மீன்தொட்டி: ஏன் ஆறு மீன் மட்டும்?

அன்னதான மண்டபத்து மூலையில இருக்கிற மீன்தொட்டியைப் பார்த்துட்டு இந்த வாரம் நிறைய பேர் கேட்டுட்டீங்க: "இவ்வளவு பெரிய தொட்டியில ஆறே ஆறு மீனா? காசு பத்தலையா?" காசு இருக்கு. காரணம் வேற. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

முதல்ல எங்க தப்பை ஒத்துக்கிறோம். தேயிலைத் தோட்டத்துல காலமெல்லாம் கொழுந்து கிள்ளின ஒரு பாட்டி, மறைந்த தாத்தா ஞாபகமா, ஞாயிறு தேவார வகுப்புப் பிள்ளைங்க பார்த்து சந்தோஷப்படட்டும்னு இந்தத் தொட்டியை வாங்கிக் கொடுத்தாங்க. மூணடி நீளம், ஏறக்குறைய 180 லிட்டர். தைப்பூசத்துக்கு முந்தின வாரம் சனிக்கிழமை கழுவித் தண்ணி நிரப்பினோம். மறுநாளே ஈப்போவுக்கு இறங்கி 24 மீன் வாங்கிட்டு வந்து, அன்னைக்கு ராத்திரியே எல்லாத்தையும் விட்டுட்டோம்.

மூணாம் நாள் மீனெல்லாம் மேல வந்து வாயை வாயைத் திறந்துச்சு. தண்ணி அழுக்குன்னு நினைச்சு, பில்டர் பஞ்சை தினமும் குழாய்த் தண்ணியில நல்லா அலசினோம். தைப்பூசத்தன்னிக்குக் காலையில மிச்சம் அஞ்சு. அடுத்த வாரம் அதுவும் இல்ல.

வகுப்புத் தம்பி ஒருத்தன் கேட்டான்: "அண்ணா, தண்ணி கண்ணாடி மாதிரிதானே இருந்துச்சு?" எங்களுக்குப் பதில் தெரியல. பாட்டி ஒரு வார்த்தை சொல்லல. அதுதான் இன்னும் உறுத்துது.

அப்புறம்தான் தேடிப் படிச்சோம், மீன் வளர்க்கிறவங்களைக் கேட்டோம். மீன் மூச்சு விடும்போதே செவுள் வழியா அம்மோனியா வெளியே வருது. அது கண்ணுக்குத் தெரியாத விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டா மாத்தும், அதுவும் விஷம். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டா மாத்தும், இது அவ்வளவு கெடுதல் இல்ல. இந்தப் பாக்டீரியா மிதக்கிறது இல்ல, பில்டர் பஞ்சுலயும் கல்லுலயும் ஒட்டி வாழுது. புதுத் தொட்டியில அது இல்லவே இல்ல. ஒட்ட ஆரம்பிச்ச கொஞ்சத்தையும் குளோரின் கலந்த தண்ணியில நாங்களே கழுவி விட்டுட்டோம். கோயில்ல எதையும் கழுவிக் கழுவிப் பழகின கை!

அதனால இந்தத் தடவை மீன் இல்லாமலே ஆரம்பிச்சோம். அம்மோனியம் குளோரைடு கரைசலைச் சொட்டுச் சொட்டா விட்டு, லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவுக்குக் கொண்டு வந்தோம். சோதனைக் குழாயில பச்சை நிறம் வந்தா அம்மோனியா இருக்கு, மஞ்சள்னா இல்ல. நைட்ரைட்டுக்கு ஊதா வந்தா ஆபத்து, நீலம்னா நிம்மதி. அந்தத் தம்பிதான் தினமும் பார்த்து நோட்டுல எழுதினான்.

கடைக்காரர் ஆறு வாரம் ஆகும்னார். இங்க ஒன்பது வாரம் ஆச்சு. தானா ராத்தா குளிருக்குப் பாக்டீரியா மெதுவாத்தான் பெருகுது. நம்ம மலை கருங்கல் மலை, தண்ணியில சுண்ணாம்புச் சத்து குறைவு. பாக்டீரியா வேலை செய்யச் செய்ய தண்ணி புளிப்பேறி, அஞ்சாவது வாரம் எல்லாம் நின்னு போச்சு. உடைச்ச பவளக் கல்லை வலைப் பையில கட்டிப் போட்ட பிறகுதான் நகர்ந்துச்சு. கடைசியா ஒரு நாள், முந்தின நாள் விட்ட அம்மோனியா 24 மணி நேரத்துல மஞ்சள், நைட்ரைட் நீலம். நோட்டுல தம்பி பிள்ளையார் சுழி போட்டு எழுதினான்.

அப்படின்னா 24 மீனையும் விடலாமேன்னு கேப்பீங்க. சாதாரண வெள்ளிக்கிழமைக்குச் சமைக்கிற ரெண்டு பேரைத் தைப்பூசக் கூட்டத்துக்குச் சமைக்கச் சொன்னா என்ன ஆகும்? பாக்டீரியாவும் அப்படித்தான். மீன் கூடக் கூட அதுவும் பெருகணும், அதுக்கு நாள் கொடுக்கணும். அதனால முதல்ல ஆறு. ரெண்டு வாரம் சோதனை சுத்தமா இருந்தா இன்னும் ஆறு.

இந்தத் தடவை குளிர் தாங்குற மீனாப் பார்த்தோம். வைட் கிளவுட், அதாவது வெண்மேகம்னு பேர். சீனாவுல குவாங்சோ பக்கத்து வெண்மேக மலை ஓடையில கண்டுபிடிச்ச மீன், அறிவியல் பெயர் கிடைச்சது 1932-ல. சிம்பாங் பூலாய் வழியா மேல ஏறும்போது, முறுக்குப் பாக்கெட் உப்புற மாதிரி மீன் பையும் உப்பிடுச்சு. நல்லவேளை, பையைத் தளர்வாக் கட்டச் சொல்லியிருந்தோம். வந்ததும் பாதித் தண்ணியை மாத்தினோம், குளோரின் நீக்கின பிறகு. பையைப் பிரிக்காம, ரெண்டு தண்ணியும் ஒரே சூட்டுக்கு வர்ற வரைக்கும் மிதக்க விட்டோம். அப்புறம் பைத் தண்ணி உள்ளே போகாம, மீனை மட்டும் வலையில எடுத்து விட்டோம்.

உங்ககிட்ட மூணே வேண்டுகோள். குளத்து மீனுக்குப் பொரி போடறது நம்ம வழக்கம்தான், ஆனா இது குளம் இல்ல. பொரியும் பிரசாதமும் ஊறி அழுகினா மறுபடி அம்மோனியாதான். வேண்டுதலுக்கு மீன் வாங்கிட்டு வந்து நீங்களா விடாதீங்க, எங்ககிட்ட சொல்லுங்க. பில்டரை யாரும் கழுவ வேண்டாம். தொட்டியில எடுத்த தண்ணியிலேயே நாங்க லேசா அலசிக்கிறோம்.

போன வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சு பாட்டி வந்தாங்க. தொட்டி பக்கத்துல நாற்காலி போட்டு உட்கார்ந்து, விரல் விட்டு எண்ணினாங்க. ஆறும் இருந்துச்சு.

முருகா சரணம்.