அடுப்பின் அடிப்புறம்



சென்ற ரமளானில் இருபது நோன்புகளைக் கடந்திருந்த நேரம். எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு குறை சில நாள்களாகவே பேசப்பட்டு வந்தது. பாத்திரங்களின் அடியில் கரி பிடிக்கிறது. சஹர் சோறு வேக முன்னைவிட நேரமாகிறது. வலப்பக்க அடுப்பில் சுடர் நீலமாக நில்லாமல் மஞ்சளாக எழுந்து ஆடுகிறது. "இந்தத் தடவை வந்த சிலிண்டரே சரியில்லை" என்றார்கள் உம்மா. நாங்களும் அதை ஏற்றுக்கொண்டோம். வெளியிலிருந்து வந்த பொருளின் மீது பழியைப் போடுவது எளிதாக இருந்தது.

அடுப்பை நாங்கள் துடைக்காமல் விட்டவர்கள் அல்லர். இஃப்தாருக்கு வாடா பொரித்து முடிந்ததும் மேல்தட்டு பளபளக்கும்வரை துடைத்துவிட்டுத்தான் பெண்கள் மக்ரிபுக்கு எழுவார்கள். விருந்தினர் எவர் வந்தாலும் சமையலறையைக் காட்டக் கூசியதில்லை. ஆனால் அந்த அடுப்பை ஒரு சாண் முன்னால் இழுத்து, அதன் பின்புறத்தையும் அடிப்புறத்தையும் கடைசியாகப் பார்த்தது எப்போது என்று கேட்டால், எங்களில் எவரிடமும் விடை இருந்திராது.

ஓரிரவு சஹருக்கு எழுந்த உம்மா சமையலறைக் கதவைத் திறந்தார்கள். வழக்கம்போல் கை சுவிட்சை நோக்கிச் சென்றது. அதே கணத்தில் பக்கத்து அறையிலிருந்து உம்மம்மாவின் குரல்: "லைட்டப் போடாதம்மா! கேஸ் வாடை வருது!"

கை நின்றது. அல்ஹம்துலில்லாஹ்.

அடுத்து நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஓடிவந்த ஆண்கள் மூவரில் ஒருவருக்கும் ரெகுலேட்டரை எப்பக்கம் திருப்பி மூடுவது என்று தெரியவில்லை. தராவீஹும் தஹஜ்ஜுதும் தவறாத வீடு. சிலிண்டர் மாற்றுவது மட்டும் என்றும் உம்மாவின் வேலை. தெருவிளக்கின் வெளிச்சம் ஜன்னல் வழியே விழ, அன்றும் உம்மாவே குனிந்து மூடினார்கள். கதவு, ஜன்னல் அனைத்தையும் திறந்துவிட்டு, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றோம். அன்றைய சஹர் பேரீச்சம்பழமும் தண்ணீரும்தான்.

காலையில் வந்த மெக்கானிக் அடுப்பை முன்னால் இழுத்தார். ரப்பர் குழாயின் மீது எண்ணெய்ப் பிசுக்கு மெழுகுபோல் படிந்திருந்தது. அடுப்போடு இணையும் இடத்தில் குழாய் வெடித்துக் கிடந்தது. அதில் அச்சிடப்பட்டிருந்த ஆண்டைப் படித்துக் காட்டினார். ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய குழாயை ஏழாண்டுகளாக நாங்கள் கண்டுகொள்ளவில்லை.

பிறகு பர்னரைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். பொங்கி வழிந்த பால், சோற்றுக் கஞ்சி, வாடா மாவு எல்லாம் காய்ந்து, துளைகளில் பாதி அடைபட்டிருந்தன. எரிவாயு தனித்து எரிவதில்லை. பர்னருக்குக் கீழேயுள்ள குழலில் காற்றோடு கலந்து மேலே வந்து எரிகிறது. துளைகளோ குழலோ அடைபட்டால் போதிய காற்று கலவாது. அப்போது சுடர் மஞ்சளாகும், எரியாத கரி பாத்திரத்தில் படியும், வாயு வீணாகும், நச்சுத்தன்மையுள்ள கார்பன் மோனாக்ஸைடும் உண்டாகும். சிலிண்டரில் ஒரு குறையும் இருக்கவில்லை. மஞ்சள் சுடர் வேறு, குழாய் வெடிப்பு வேறு. ஆயினும் சுடர் நிறம் மாறிய அன்றே அடுப்பை நகர்த்திப் பார்த்திருந்தால் குழாயும் கண்ணில் பட்டிருக்கும்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் ஏற்பட்டுள்ளது. ஜும்ஆவுக்காக நகம் வெட்டுகிறோம், குளிக்கிறோம், நல்லாடை எடுத்து வைக்கிறோம். அதற்கு முந்தைய வியாழன் மாலை அடுப்புக்குரியது. அந்தப் பொறுப்பை ஆண்கள் ஏற்றுள்ளோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டுப் பணிகளில் குடும்பத்தாருக்கு உதவியவர்கள் என்பதை மேடைகளில் கேட்டுப் பழகிய நமக்கு, அதைச் செய்து பார்க்க ஓர் அடுப்பு கிடைத்தது என்றே கொள்கிறோம்.

செய்வது எளிது. முதலில் ரெகுலேட்டரை மூடி, அடுப்பு முற்றிலும் ஆறும்வரை காத்திருக்கிறோம். பர்னர் மூடிகளையும் பாத்திரத் தாங்கிகளையும் எடுத்து, வெந்நீரில் பாத்திரம் கழுவும் சோப்பும் சிறிது ஆப்பசோடாவும் கலந்து அரைமணி நேரம் ஊறவைக்கிறோம். பித்தளை மூடியாக இருந்தால் புளி தேய்த்தாலே கறுப்பு விட்டுப்போகும். பழைய பல்துலக்கியால் தேய்த்து, துளைகளை ஈர்க்குச்சியால் ஒவ்வொன்றாகத் திறக்கிறோம். கூரிய கம்பியால் குத்தினால் துளை அகன்றுவிடும். கழுவியவை நன்கு உலர்ந்த பின்னரே பொருத்துகிறோம். துளையில் ஈரம் நின்றால் சுடர் சீராக வராது. அடுப்பின் மீது தண்ணீரை ஊற்றுவதில்லை. பிழிந்த துணியால் துடைப்பதோடு சரி. கண்ணாடித் தட்டு சூடாயிருக்கும்போது ஈரத்துணி படவே கூடாது. வாயு வரும் சிறு ஜெட்டில் நாங்கள் கைவைப்பதில்லை. அது மெக்கானிக்கின் வேலை.

கடைசியாகக் குழாய். அதைத் துடைத்து, வளைத்துப் பார்த்து, இரு முனைகளிலும் சோப்புநீர் தடவுகிறோம். ரெகுலேட்டரைத் திறந்ததும் குமிழி எழுந்தால் கசிவு உண்டு என்று பொருள். தீக்குச்சி கொளுத்திக் கசிவைத் தேடுவது உயிரோடு விளையாடுவதாகும்.

வாடை வந்தால் செய்ய வேண்டியதைச் சிறுவர்களுக்கும் கற்பித்துள்ளோம். எந்தச் சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூட வேண்டும். கதவு ஜன்னல்களைத் திறக்க வேண்டும். இந்த வாயு காற்றைவிடக் கனமானது. தரையோடு தேங்கும் என்பதால் வாசற்கதவைத் திறப்பது முக்கியம். வெளியே வந்த பிறகு 1906 என்ற அவசர எண்ணை அழைக்க வேண்டும். எங்கள் வீட்டின் பத்து வயதுப் பிள்ளைக்கும் இன்று ரெகுலேட்டரை மூடத் தெரியும்.

உறங்கச் செல்லும்முன் வீட்டிலுள்ள நெருப்பை அணைத்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் நமக்கு அறிவுறுத்தியிருக்கிறார்கள். அந்நாளின் நெருப்பு விளக்கிலும் விறகிலும் இருந்தது. இன்று அது சிலிண்டருக்குள் இருக்கிறது. இரவு அடுப்பின் குமிழை மட்டும் மூடிவிட்டு, அணைத்துவிட்டோம் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். இப்போது கடைசியாகப் படுக்கச் செல்பவர் ரெகுலேட்டரையும் மூடிவிட்டே செல்கிறார். அல்லாஹ் காப்பான் என்ற நம்பிக்கை, நம் கையால் ஆவதைச் செய்யாமல் விடுவதற்கு அனுமதி ஆகாது என்பதை அன்றைய சஹர் எங்களுக்கு உணர்த்தியது.

உம்மம்மாவிடம், அந்த வாடை எங்கள் எவருக்கும் எட்டுமுன் அவர்களுக்கு மட்டும் எப்படி எட்டியது என்று பின்னர் கேட்டோம். "நான் தஸ்பீஹ் ஓதிக்கிட்டு முழிச்சிருந்தேன், நீங்க தூக்கத்துல இருந்தீங்க" என்றார்கள்.

இதைப் படிக்கும் சகோதர சகோதரிகளே, இன்றிரவே உங்கள் அடுப்பை ஒரு சாண் முன்னால் இழுத்துப் பாருங்கள். குழாயில் உள்ள ஆண்டைப் படியுங்கள். நம் அனைவரின் இல்லங்களையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.