அம்மாவின் மஞ்சள் ரோஜா

ரோஜாவுக்கும் கடலுக்கும் ஒத்துவராது என்று எங்கள் போர்ட்டிக்சன் பக்கத்தில் பொதுவாகச் சொல்வார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. அலைகள் உடையும்போது தெறிக்கும் நுண்ணிய நீர்த்திவலைகளைக் கடற்காற்று சுமந்து வருகிறது. நீர் உலர்ந்துவிடும், உப்பு மட்டும் இலைமேல் தங்கிவிடும். சில நாள்களில் இலையின் ஓரம் தீய்ந்ததுபோல் பழுப்பாகிவிடும். மண்ணோ வெறும் மணல். ஊற்றும் நீரும் இடும் உரமும் சல்லடையில் விட்டதுபோல் கீழே இறங்கிவிடும். இவற்றோடு ஆண்டு முழுவதும் புழுக்கம் வேறு. அதனால்தான் கடலோர வீடுகளில் காகிதப்பூவும் செம்பருத்தியும் செழித்து நிற்கின்றன. ரோஜாவைக் காண்பது அரிது.

எங்கள் வீட்டிலிருந்து கடற்கரைக்கு ஐந்து நிமிட நடைதான். ஆனாலும், அம்மாவுக்கு ரோஜாமீது கொள்ளை ஆசை. கேமரன் மலைக்குச் சுற்றுலா செல்லும்போதெல்லாம் இரண்டு தொட்டிகளை மடியில் வைத்துக்கொண்டே பேருந்தில் திரும்புவார். மலையின் குளிர்ச்சியில் பழகிய அந்தச் செடிகள் எங்கள் வீட்டு வாசலில் ஒருமுறை பூக்கும். பிறகு இலைகளை உதிர்த்துவிட்டுக் குச்சியாய் நிற்கும். அப்பா இருந்தவரை வாரந்தவறாமல் மருந்து தெளித்து அவற்றில் சிலவற்றைக் காப்பாற்றி வந்தார். அப்பா மறைந்த பிறகு அந்த வேலையைச் செய்ய ஆளில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி. குனிந்து நிமிர்வது சிரமம். மருந்து நெடி பட்டாலே இருமல் வந்துவிடும்.

தோட்டத்தில் புல் மண்டியது. வீட்டின் முன்பக்கம் முழுவதற்கும் சிமெண்ட் போட்டுவிடலாம் என்று அண்ணன் சொன்னார். கார் நிறுத்தவும் வசதி, பாம்புப் பயமும் இருக்காது என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அம்மா உடனே எதிர்க்கவில்லை. சற்று நேரம் கழித்து, “சிமெண்ட் போட்டுவிட்டால், காலையில் கதவைத் திறந்து நான் எதைப் பார்ப்பது, ஐயா?” என்று மட்டும் கேட்டார்.

அண்ணன் கொஞ்சம் இறங்கி வந்தார். “சரிம்மா, ஆறு மாதம் பார்ப்போம். யார் உதவியும் இல்லாமல் நீங்களே பார்த்துக்கொள்ளும்படி ஒரு செடி நின்றால், சிமெண்ட் பேச்சை விட்டுவிடுகிறேன்” என்றார். எந்தச் செடி என்று நான் கேட்டதும் அம்மா யோசிக்கவே இல்லை. “மஞ்சள் ரோஜா” என்றார். அவர் வியாழக்கிழமைதோறும் தட்சிணாமூர்த்திக்கு மஞ்சள் பூ வைத்து வணங்குபவர். மருந்தடித்த பூவைச் சாமிக்கு வைக்க அவருக்கு மனம் வராது. ஆகவே, மருந்து தேவைப்படாத மஞ்சள் ரோஜாவைத் தேடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

தேடத் தொடங்கியபோதுதான் மஞ்சள் ரோஜாவின் கதை தெரியவந்தது. இன்று கடைகளில் காணும் அழுத்தமான மஞ்சள் நிறம் முற்காலத்து ஐரோப்பியத் தோட்ட ரோஜாக்களில் கிடையாது. மேற்கு ஆசியாவின் வறண்ட நிலங்களைச் சேர்ந்த ‘ரோசா ஃபெட்டிடா’ என்னும் இனத்தில் அந்த நிறம் இருந்தது. பிரான்ஸ் நாட்டின் லியோன் நகரைச் சேர்ந்த ஜோசப் பெர்னே டூஷே பல ஆண்டுகள் முயன்று, அந்த இனத்தைத் தோட்ட ரோஜாவுடன் கலந்தார். அம்முயற்சியில் பிறந்த ‘சொலே தோர்’ என்னும் ரோஜா 1900ஆம் ஆண்டில் வெளிவந்தது. பொற்கதிரவன் என்பது அப்பெயரின் பொருள். அடுத்து வந்த மஞ்சள், ஆரஞ்சு வண்ண ரோஜாக்களில் பெரும்பாலானவை அதன் வழிவந்தவையே.

நிறத்தோடு ஒரு குறையும் சேர்ந்து வந்தது. வறண்ட நிலத்துச் செடிக்கு ஈரத்தில் வளரும் பூஞ்சணத்தை எதிர்க்கும் ஆற்றல் குறைவு. அதன் வழித்தோன்றல்களான மஞ்சள் ரோஜாக்கள் பலவற்றைக் கரும்புள்ளி நோய் எளிதில் தாக்குகிறது. இலையில் கரும்புள்ளிகள் தோன்றும்; சுற்றிலும் மஞ்சளாகும்; பிறகு இலை உதிர்ந்துவிடும். அம்மாவின் செடிகள் குச்சியாய் நின்றதற்கு உப்பை மட்டும் குறைசொல்வது சரியன்று என்பது அப்போதுதான் விளங்கியது.

கடலை விரும்பும் ரோஜாவும் உலகில் உண்டு. ஜப்பான், கொரியா போன்ற நாடுகளின் கடற்கரை மணலில் ‘ரோசா ருகோசா’ தானாகவே வளர்கிறது. தடித்துச் சுருங்கிய அதன் இலைகளை உப்புக்காற்று எளிதில் கருக்குவதில்லை. ஆனால், அதன் இயற்கையான நிறம் இளஞ்சிவப்பு அல்லது வெள்ளை. அது குளிர்நாட்டுச் செடியும்கூட. நம் நாட்டு வெப்பத்தில் செழிக்காது.

நம்பிக்கை தந்தது வேறொரு செய்தி. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த வில்லியம் ராட்லர், மருந்து தெளிக்காமலே வாழக்கூடிய ரோஜாவை உருவாக்கப் பாடுபட்டவர். கரும்புள்ளி நோயைத் தாங்கும் செடிகளை மட்டும் தேர்ந்தெடுத்து வளர்த்தார். 2000ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த அவருடைய ‘நாக் அவுட்’ என்ற சிவப்புப் புதர் ரோஜா பெரும் புகழ் பெற்றது. பின்னர் நோயைத் தாங்கும் மஞ்சள் புதர் ரோஜாக்களும் வந்தன. இவற்றின் பூ கண்காட்சியில் பரிசு வாங்கும் பெரிய பூவன்று. இவை தாழ்ந்து, கிளைத்து, கொத்துக்கொத்தாகப் பூப்பவை.

இவற்றையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு, மழைக்காலத்தில் அம்மாவுடன் சிரம்பானிலுள்ள பூச்செடிக் கடைக்குச் சென்றேன். மழைக்காலத்தில் சென்றதற்குக் காரணம் உண்டு. வெயில் காலத்தில் எல்லா ரோஜாவும் நலமாகத்தான் தெரியும். தொடர்மழைக்குப் பிறகும் அடி இலைகளை உதிர்க்காமல் நிற்கும் செடியே நமக்குத் தேவை. அம்மா பெரிய பூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து இலைகளைப் பார்த்தேன். மூலையில் ஒரு புதர்ச்செடி. பூ சிறியது. இலையோ பளபளப்பாய், அடிவரை அடர்த்தியாய் இருந்தது. ‘மாவார் கூனிங்’ என்று மட்டும் அட்டையில் எழுதியிருந்தது. வகையின் பெயரைக் கடைக்காரர் அங்கிளிடம் கேட்டேன். “மஞ்சள் ரோஜாதான். வேறென்ன பெயர் வேண்டும்?” என்று மலாயில் சொல்லிச் சிரித்தார்.

செடியைக் கடலைப் பார்த்த பக்கத்தில் வைக்காமல், காகிதப்பூ வேலிக்கு உட்புறம், காலை வெயில் படும் இடத்தில் நட்டோம். சுவரைவிட வேலியே நல்ல மறைப்பு. சுவரில் மோதும் காற்று மேலேறி, மறுபுறம் சுழன்று இறங்கும். வேலியோ காற்றின் வேகத்தைக் குறைத்து, உப்பில் ஒரு பகுதியையும் தன் இலைகளில் பிடித்துவைத்துக்கொள்ளும். குழி தோண்டிய மணலில் மக்கிய மாட்டுச் சாணத்தையும் இலைமக்கையும் பாதிக்குப் பாதி கலந்தேன். தேங்காய் நாரையும் சேர்த்தேன். அதில் உப்பு இருக்கலாம் என்பதால், இரண்டு மூன்று முறை நல்ல நீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே போட்டேன். செடியைச் சுற்றிக் காய்ந்த இலைகளைப் பரப்பியதால் மண்ணின் ஈரம் காயவில்லை, களையும் குறைந்தது. அம்மா குனிய வேண்டிய வேலை அத்தோடு ஏறக்குறையத் தீர்ந்தது.

ஒரே ஒரு சிக்கல் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. உப்பைப் போக்க இலைகளை நீரால் கழுவ வேண்டும். ஆனால், இலை ஏறத்தாழ ஏழு மணி நேரம் தொடர்ந்து ஈரமாக இருந்தால் கரும்புள்ளி நோய் தொற்றிக்கொள்ளும். கழுவினாலும் ஆபத்து, கழுவாவிட்டாலும் ஆபத்து! விடை நேரத்தில்தான் இருந்தது. மாலையில் இலைமேல் நீர் படவே கூடாது. காற்று பலமாக வீசிய மறுநாள் காலை, வெயில் ஏறத் தொடங்கும்போது ஒருமுறை நன்றாகத் தெளித்துவிட்டால், உப்பும் போகும். சற்று நேரத்தில் இலையும் உலர்ந்துவிடும். மற்ற நாள்களில் வேருக்கு மட்டும் நீர் போதும். அம்மா நீண்ட குழாயை வைத்துக்கொண்டு, நாற்காலியில் அமர்ந்தபடியே இதைச் செய்யக் கற்றுக்கொண்டார். அந்த நாற்காலி இப்போது வாசலிலேயே கிடக்கிறது.

எல்லாம் சிறப்பாக அமைந்தது என்று சொல்ல மாட்டேன். நம் வெயிலில் பூ இரண்டு மூன்று நாள்களுக்குமேல் நிற்பதில்லை. காலையில் எலுமிச்சை மஞ்சளாய் இருப்பது மறுநாளே வெளிறிவிடுகிறது. கேமரன் மலைப் பூவின் அளவில் பாதிகூட இல்லை. நீண்ட மழைக்குப் பிறகு சில இலைகளில் புள்ளிகள் வரத்தான் செய்தன. அந்த இலைகளைக் கிள்ளி, குப்பையில் போட்டதோடு சரி. மருந்து தெளிக்கவில்லை. செடி மீண்டும் தளிர்விட்டது. வாடிய பூவை நறுக்காவிட்டாலும் அடுத்த கொத்து வந்துவிடுகிறது. ஒவ்வொரு வியாழக்கிழமையும் சாமிக்கு நான்கைந்து பூக்களாவது கிடைக்கின்றன.

ஆறு மாதம் முடிந்ததும் அண்ணன் வந்தார். செடியை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, கார் நிற்கும் அளவுக்கு மட்டும் ஒரு பக்கமாகச் சிமெண்ட் போட ஆள் பிடித்தார். “இதற்குமேல் ஓர் அடிகூட வரக்கூடாது” என்று அம்மா வேலையாள்களிடம் கைத்தடியால் கோடு போட்டுக் காட்டினார்.

சென்ற மாதம், பென்சில் பருமனுள்ள தண்டுகளை ஒரு சாண் நீளத்திற்கு வெட்டி, ஈர மணலில் ஊன்றி வைத்தார் அம்மா. ஆறில் இரண்டு வேர்விட்டன. ஒன்று அடுத்த வீட்டு மக்சிக்குக்காம். அவர்கள் வீட்டுப் பக்கம் வேலி கிடையாது. கடற்காற்று நேராக வந்து அடிக்கும். அங்கே பிழைக்குமா என்று கேட்டேன். அம்மா பதில் சொல்லாமல், எங்கள் காகிதப்பூ வேலியிலிருந்து நான்கு குச்சிகளை வெட்டி, அதே மணலில் ஊன்றிக்கொண்டிருந்தார்.