நிலை நிற்கட்டும், கதவு மாறட்டும்

தியானப் பகுதி: உபாகமம் 6:4-9



மார்க்கையன்கோட்டையில் நம் முன்னோர் கட்டிய வீடுகள் பலவற்றுக்கு வயதாகிவிட்டது. மேற்கு மலைகளிலிருந்து இறங்கும் சாரலையும் ஆடிக் காற்றையும் முதலில் தாங்குவது வாசற்கதவே. மழையில் மரம் ஊறிக் கதவு இறுகுகிறது. வெயிலில் காய்ந்து பலகைகளுக்கிடையே வெளிச்சம் தெரிகிறது. அடிப்பக்கத்தைக் கரையான் அரிக்கிறது. ஒருநாள் வீட்டார், புதுக்கதவு போட்டுவிடலாம் என்று பேசத் தொடங்குகிறார்கள். இந்த வாரம் அந்தக் கதவைக் குறித்து உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

வீடு கட்டுகையில் நிலை வைக்கும் நாளை நாம் எவ்வளவு பெரிதாக எண்ணுகிறோம்! உற்றார் கூடுகிறார்கள், போதகரை அழைத்து ஜெபிக்கச் சொல்லுகிறார்கள். கதவு மாட்டும் நாளிலோ தச்சர் மட்டும் வருகிறார். கீலை முடுக்கிவிட்டுப் போகிறார். கதவு தேயும், மாறும்; நிலையோ சுவரோடு சேர்ந்து நிற்கும். நிலைத்திருப்பது என்ற சொல்லிலும் அதே நிலைதானே இருக்கிறது?

திருமறையும் இந்த வேறுபாட்டை அறிந்திருக்கிறது. எகிப்தை விட்டுப் புறப்பட்ட இரவில் ஆட்டுக்குட்டியின் இரத்தம் பூசப்பட்டது வாசலின் இரு நிலைக்கால்களிலும் மேற்சட்டத்திலும் என்று யாத்திராகமம் 12-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். கதவுப் பலகையில் பூசும்படி அங்கே சொல்லப்படவில்லை. தேவனுடைய கற்பனைகளை எழுதிவைக்கும்படி மோசே காட்டிய இடமும் வீட்டு நிலைகளே. யூதர்கள் இன்றும் அந்த வசனங்கள் எழுதிய தோற்சுருளைச் சிறு பேழையில் இட்டு, வாசல் நிலைக்காலில் பொருத்துகிறார்கள். கதவு எத்தனை முறை மாறினாலும் அந்த வார்த்தை தன் இடத்தில் இருக்கும்.

அண்மையில் ஒரு வீட்டில் இந்தக் காரியம் கடினமான கேள்வியாக எழுந்ததைக் கண்டேன். கணவரை இழந்த தாயார் அங்கே தனியே வாழ்கிறார். வெளியூரில் வேலை பார்க்கும் மகன், "காலம் கெட்டுக் கெடக்குது, ஐயா. இரும்புக் கதவு போட்டாத்தான் எனக்கு ராத்திரி தூக்கம் வரும்" என்றார். தாயாரோ, "ராத்திரி எனக்கு நெஞ்சு அடைச்சா, பக்கத்து வீட்டுக்காரங்க எப்படிப்பா உள்ள வருவாங்க?" என்று கேட்டார்.

இருவர் பேச்சிலும் அன்பு இருந்தது. இருவர் பேச்சிலும் அச்சமும் இருந்தது. ஆயத்தமாக விற்கப்படும் இரும்புக் கதவு பெரும்பாலும் தன் சட்டத்தோடு வரும். அதைப் பொருத்தப் பழைய நிலையைப் பெயர்த்தெடுக்க வேண்டும். பழைய வீடுகள் பலவற்றில் மேலேயுள்ள சுவரின் பாரத்தையும் அந்த நிலையே சுமக்கிறது. பெயர்த்தால் சுவர் விரிசல் விடக்கூடும்.

தச்சர் உளியால் நிலையைக் குத்திப் பார்த்தார். ஒரு காலின் அடி மட்டுமே உளுத்திருந்தது. மற்றதெல்லாம் உறுதியான மரம். உளுத்ததை வெட்டிப் புது மரத்தை ஒட்டவைத்து, கரையான் மருந்து அடித்தார். நிலையின் அளவுக்கே தேக்கில் இரட்டைக் கதவு செய்யவும், தாயாரின் கைக்கு எட்டும் உயரத்தில் தாழ்ப்பாள் வைக்கவும், வெளியே ஒரு கம்பிக் கதவு போடவும் முடிவாயிற்று. எல்லாப் பூட்டுகளுக்கும் மாற்றுச் சாவி பக்கத்து வீட்டில் இருக்கும். மகனுக்கும் அது மனநிறைவாயிற்று.

ஜெர்மனியிலுள்ள விட்டன்பர்க் அரண்மனை ஆலயத்தின் கதையும் இங்கே நினைவுக்கு வருகிறது. 1517-இல் மார்ட்டின் லூதர் தம் 95 கருத்துரைகளை ஒட்டியதாகச் சொல்லப்படும் மரக்கதவுகள் 1760-இல் போரின்போது எரிந்துபோயின. 1858-இல் அவ்வாசலுக்கு வெண்கலக் கதவுகள் அமைக்கப்பட்டன. அந்த 95 கருத்துரைகளும் அவற்றில் பொறிக்கப்பட்டன. மரம் சாம்பலாயிற்று, அந்த வாசலில் சொல்லப்பட்டது அழியவில்லை.

அன்பானவர்களே, உங்கள் வீட்டுக்குக் கதவு தேர்ந்தெடுக்கும்போது மரமும் விலையும் பாருங்கள், தவறில்லை. அவற்றோடு மூன்று காரியங்களையும் கேளுங்கள். நிலை உறுதியாக இருக்கிறதா? உள்ளே இருப்பவர்களில் பலவீனமானவர் அதைத் தாமே திறக்க முடியுமா? வெளியே ஒருவர் தட்டினால் உள்ளே கேட்குமா? வெளிப்படுத்தின விசேஷத்தில் நம் ஆண்டவர் வாசற்படியில் நின்று தட்டுகிறவராகவே காணப்படுகிறார். கதவை உடைத்து வருகிறவராக அல்ல. திறப்பது உள்ளே இருப்பவரின் கையில் இருக்கிறது.

நம் ஆத்துமாவின் வீட்டிலும் அப்படியே. பழக்கங்களும் முறைகளும் காலத்திற்கேற்ப மாறலாம். பிள்ளைகள் நம்மைப் போலவே எல்லாம் செய்யவில்லையே என்று கலங்காதிருங்கள். அவர்கள் மாற்றுவது கதவையா, நிலையையா என்று பொறுமையாய்ப் பாருங்கள். கதவானால் அன்போடு விட்டுக்கொடுங்கள். நிலையானால் அன்போடு பேசுங்கள்.

ஜெபம்: அன்பின் பரலோகப் பிதாவே, எங்கள் வீடுகளின் நிலைகளில் உம்முடைய வார்த்தை தங்கியிருப்பதாக. தனியே வாழும் தாய்மாரையும் தகப்பன்மாரையும் இரவிலும் பகலிலும் காத்தருளும். தட்டுகிறவரின் ஓசை கேட்கும் செவியையும், திறக்கும் மனதையும் எங்களுக்குத் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.