பினாங்கில் கடல் கொஞ்சம், சோறு நிறைய

மலேசியாவின் பினாங்குக்குக் கடலை மட்டும் நம்பிப் போகாதீர்கள். பத்து ஃபெரிங்கி கடற்கரையில் ஜெட் ஸ்கி இரைச்சல்தான் அதிகம். தண்ணீரும் அப்படியொன்றும் பளிங்கு இல்லை. தேசியப் பூங்காவுக்குள் காட்டுவழியே வியர்க்க வியர்க்க நடந்தால் வருகிற கெராச்சுட் கடற்கரை வேறு ரகம். ஆமைகள் முட்டையிட வரும் மணல். ஜெல்லி மீன் தொல்லை இருப்பதால் குளிக்க இறங்க வேண்டாம் என்கிறார்கள். சும்மா உட்கார்ந்திருக்கலாம்.

ஆனால் சாப்பாடு! தமிழ் முஸ்லிம்கள் ஒரு காலத்தில் தோளில் காவடியாகச் சுமந்து விற்ற குழம்புச் சோறான நாசி கண்டார், இன்று ஜார்ஜ் டவுன் நகரம் முழுக்கக் கடைகளில். "எல்லாக் குழம்பையும் கலந்து ஊத்துங்கண்ணே" என்றேன். மீன், கோழி, ஆட்டுக் குழம்பெல்லாம் ஒரே தட்டில் வெள்ளம். அம்மா பார்த்திருந்தால் திட்டியிருப்பாங்க. பிறகு மீனும் புளிப்புமாக ஆசாம் லக்சா நூடுல்ஸ், வெயிலுக்குக் குளுகுளு செண்டோல். ராத்திரி கர்னி டிரைவ் உணவுக் கடைகளுக்குப் போவதாகத் திட்டம், வயிறு சம்மதித்தால்.