மோசல் கரையில் ஒரு மிடறு

பத்திரிகையாளனுக்கு வைன் புதிதல்ல. கொழும்புத் தூதரக விருந்துபசாரங்களில் எத்தனையோ கிண்ணங்களைக் காலி செய்திருக்கிறேன். ஆனால், சுவைத்ததில்லை, செய்திக்காகக் காத்திருந்த வேளைகளில் விழுங்கியிருக்கிறேன், அவ்வளவுதான்.

சுவைக்கக் கற்றுத்தந்தவன் என் பல்கலைக்கழகத் தோழன். 1983 இன் பின்னர் ஜேர்மனியில் குடியேறியவன். மோசல் நதிக்கரையிலுள்ள பேர்ன்காஸ்டலுக்கு என்னை அழைத்துச் சென்றான். செங்குத்தான சரிவுகளெங்கும் ரீஸ்லிங் திராட்சை. அங்குள்ள கரிய பலகைக்கற்கள் பகல் வெயிலைச் சேமித்து, இரவில் கொடிகளுக்குத் திருப்பிக் கொடுக்கின்றன. 'டொக்டர்' என்றே பெயர்பெற்ற தோட்டமொன்றும் உண்டு. அதன் வைன் பேராயர் ஒருவரின் காய்ச்சலைத் தீர்த்ததாகக் கதை.

நிலவறையில் ஐந்து வகைகள் வந்தன. முதலில் நிறத்தைப் பார், பின்பு கிண்ணத்தைச் சுழற்றி மணத்தை நுகர், அதன்பிறகே ஒரு மிடறு என்றான். 'கபினெட்' இலேசாக, பச்சை அப்பிள்போல் மணத்தது. பிந்தி அறுவடை செய்த 'ஷ்பேட்லேசே' செறிவாக இருந்தது.

அவனுடைய கிண்ணம் மட்டும் குறையவேயில்லை. ஏனென்று கேட்டேன்.

"அந்த டொக்டர் ஆயரைச் சுகப்படுத்தினது. என்ரை டொக்டர் மணக்க மட்டும்தான் விட்டிருக்கிறார், மச்சான். ஈரல் சரியில்லை" என்று சிரித்தான்.

அன்று நானும் ஒவ்வொன்றிலும் ஒரு மிடறுடன் நிறுத்திக்கொண்டேன். இப்போதும் விருந்துகளில் முதலில் மணந்தே பார்க்கிறேன். ஒரு கிண்ணமே போதுமானதாக இருக்கிறது.