முதலில் உடைய வேண்டிய போல்ட்

பட்டறைப் பெரியவர் விலையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. "உங்கள் டிராக்டரின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து வந்தீர்களா?" என்றுதான் முதலில் கேட்டார். கைப்பேசியை நீட்டினேன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கிப் பார்த்தார். முன் அச்சுக்குப் பின்னால் சட்டத்தில் இருக்கும் துளைகள், எஞ்சினுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கிளட்ச், அதில் மாட்டியிருக்கும் புல்லி. எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகுதான் "சரி, வாருங்கள்" என்று கொட்டகைக்குப் பின்பக்கம் கூட்டிப்போனார்.

அக்டோபர் கடைசி வாரம். கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில், பேரி நகரத்துக்கு வடக்கே, மேப்பிள் மரங்கள் இலையை உதிர்த்து முடித்திருந்தன. கொட்டகையின் பின்சுவரை ஒட்டி நீலத் தார்ப்பாய்களுக்குக் கீழே ஸ்னோபுளோயர்கள் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன. தெருவில் ஆட்கள் நடந்தபடி தள்ளிப்போகும் சிறிய இயந்திரங்கள் அல்ல இவை. தோட்டத்து டிராக்டரின் முன்னால் மாட்டி, அதன் எஞ்சினிலிருந்தே விசை எடுத்து ஓட்டுபவை. நான்கடி அகல வாய். வாய்க்குள்ளே படுக்கைவாட்டில் ஆகர் என்கிற திருகு. அது பனியை இருபக்கமிருந்தும் அரைத்து நடுவுக்கு இழுத்துவரும். நடுவில் பின்னால் சுழலும் இம்பெல்லர் அதை வாங்கி, மேலே நிற்கும் குழாய் வழியாக வீசி எறியும். கோவையில் பம்ப்செட் பட்டறைகள் நிறைந்த தெருவில் வளர்ந்த எனக்கு இம்பெல்லர் என்ற சொல்லை இங்கே கேட்டபோது ஊர்க்காரர் ஒருவரைப் பார்த்ததுபோல் இருந்தது. வேலையும் அதேதான், அங்கே தண்ணீர், இங்கே பனி.

எங்கள் வீட்டிலிருந்து சாலைவரை 80 மீட்டர் சரளைக்கல் பாதை. ஜார்ஜியன் வளைகுடா உறையாமல் இருக்கும் மாதங்களில், வடமேற்கிலிருந்து வரும் குளிர்காற்று அந்த நீரின்மேல் ஓடி ஈரத்தை வாரிக்கொண்டு, கரையேறியதும் கொட்டிவிடும். பட்டை பட்டையாகக் கொட்டும். ஓர் ஊரில் முழங்கால் அளவு விழுந்திருக்கும்; பத்துக் கிலோமீட்டர் தள்ளி வெயில் அடிக்கும். பாதையில் விழுவதைக்கூடச் சமாளித்துவிடலாம். சாலையைச் சுத்தம் செய்யும் வண்டி போகும்போது நம் வாசலில் ஒதுக்கிவிட்டுப் போகும் மேடு இருக்கிறதே, அதுதான் முதுகை முறிப்பது. உப்பும் சேறும் கலந்து, இரண்டு மணி நேரத்தில் சிமென்ட் மாதிரி இறுகிவிடும்.

டிராக்டர் ஏற்கெனவே இருந்தது. ஜான் டியர் 318. விஸ்கான்சினில் ஹோரிகான் என்ற ஊரில் 1983 முதல் 1992 வரை செய்தார்கள். 18 குதிரைத்திறன், இரண்டு சிலிண்டர் ஓனன் எஞ்சின், ஹைட்ராலிக் தூக்கி. முப்பது வருடத்துக்கு மேல் ஆன வண்டி, இன்றும் ஒரே திருகலில் கிளம்பும். அதற்கு ஒரு பழைய ஸ்னோபுளோயர் வேண்டும் என்று போன வருடமே விளம்பரம் பார்த்து ஒருவரிடம் 300 டாலர் கொடுத்து வாங்கிவிட்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கிய பிறகுதான் தெரிந்தது, டிராக்டரோடு அதை இணைக்கும் சட்டம் இல்லை. விசையைக் கொண்டுபோகும் ஷாஃப்ட் இல்லை. தூக்கும் கம்பி இல்லை. வாயும் திருகும் மட்டும்தான் வந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒரு குளிர்காலம் முழுக்கக் கையால்தான் அள்ளினோம்.

இதைப் பெரியவரிடம் சொன்னதும் அவர் வியக்கவில்லை. "இங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் வருகிறார்கள்" என்றார். காரணத்தையும் சொன்னார். ஒரு வீட்டில் முதியவர் இறந்துபோகிறார், அல்லது அடுக்ககத்துக்குக் குடிபோகிறார். கோடையில் பிள்ளைகள் டிராக்டரைப் புல்வெட்டியோடு விற்றுவிடுவார்கள். ஸ்னோபுளோயரின் சட்டம் டிராக்டரின் அடியிலேயே முடுக்கப்பட்டிருக்கும், அது வண்டியோடு போய்விடும். வாங்கியவர் அது எதற்கென்று தெரியாமல் கழற்றி இரும்புக்குப் போட்டுவிடுவார். களஞ்சியத்தின் மூலையில் கிடந்த ஸ்னோபுளோயர் ஆறு மாதம் கழித்து ஏலத்துக்கு வரும். ஒன்றுக்காக ஒன்றென்று செய்த இரண்டும் அதற்குப் பிறகு சேர்வதே இல்லை.

சேர்த்துவைப்பதுதான் இந்தப் பட்டறையின் தொழில். மூன்று பேர். பெரியவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. வெல்டிங் வேலை முழுக்க அவர் மகளுடையது. ஐம்பது வயதுள்ள உதவியாள் ஒருவர் குளிர்காலத்தில் மட்டும் வருகிறார். கொட்டகையின் உள்சுவர் நெடுக இணைப்புச் சட்டங்கள் ஆணியில் தொங்குகின்றன. ஒவ்வொன்றின்மேலும் எந்த டிராக்டருக்கு என்று சாக்பீஸால் எழுதியிருக்கிறது. வீல் ஹார்ஸ், கப் கேடட், சிம்ப்ளிசிட்டி, போலன்ஸ். சுவரில் இல்லாத சட்டம் வேண்டுமென்றால் மகள் அட்டையில் வெட்டி டிராக்டரில் வைத்துப் பார்த்து, பிறகு கால் அங்குலத் தகட்டில் அதை அறுத்து ஒட்டிக் கொடுக்கிறார். என் 318க்கு உரிய சட்டம் சுவரிலேயே இருந்தது. ஒரு காது உடைந்திருந்தது. மகள் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்பா, இது ஒருமுறை ஏற்கெனவே ஒட்டினது. பழைய ஒட்டை முழுக்க அரைத்து எடுத்துவிட்டுத்தான் புதிதாக ஒட்டணும்" என்றார். கிரைண்டர் சத்தம் அரைமணி நேரம் ஓயவில்லை.

ஸ்னோபுளோயரைத் தேர்ந்தெடுத்தது பெரியவர். தார்ப்பாய் விலக்கி மூன்றைக் காட்டினார். எனக்குப் பெயிண்ட் நன்றாக இருந்த ஒன்றின்மேல் கண். அவர் பெயிண்டைப் பார்க்கவேயில்லை. கியர்பாக்ஸின் அடைப்பைத் திறந்து, ஒரு கம்பியை உள்ளே விட்டு எடுத்து, நுனியில் ஒட்டிவந்த எண்ணெயை வெள்ளைத் துணியில் தடவி வெயிலில் பிடித்தார். துணியில் பொன்துகள் மாதிரி மினுக்கென்று சில புள்ளிகள். உள்ளே இருக்கும் வெண்கலப் பல்சக்கரம் தேய்ந்து உதிர்கிறது என்று அர்த்தம். "இது வேண்டாம்" என்று தார்ப்பாயைத் திரும்பப் போர்த்திவிட்டார். நான் ஆசைப்பட்டது அதைத்தான்.

அடுத்ததில் எண்ணெய் கறுப்பாக, சுத்தமாக இருந்தது. பெயிண்ட் பாதி உரிந்திருந்தது. இங்கேதான் அவர் நெடுநேரம் செலவிட்டார்.

ஆகர் என்பது ஒரு குழாயின்மேல் சுற்றிய தகடு. அந்தக் குழாய்க்குள் ஒரு ஷாஃப்ட் ஓடுகிறது. ஷாஃப்டுக்கும் குழாய்க்கும் உறவு ஒரேயொரு போல்ட்தான். குறுக்கே துளையிட்டு இரண்டையும் சேர்த்துக் கோத்திருக்கும். இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று. ஷியர் போல்ட் என்கிறார்கள். உடைவதற்கென்றே செய்த போல்ட் அது. பனிக்குள் கல்லோ விறகோ மறைந்திருந்து திருகில் சிக்கினால், எஞ்சின் விசை முழுவதும் கியர்பாக்ஸுக்குப் போவதற்குள் இந்த போல்ட் வெட்டுப்பட்டு விழுந்துவிட வேண்டும். குழாய் நின்றுவிடும், ஷாஃப்ட் உள்ளே சும்மா சுற்றும். போல்டுக்கு ஓரிரு டாலர். கியர்பாக்ஸ் போனால் இந்த வயதுடைய கருவிக்குப் புதிதாகக் கிடைப்பதே அரிது.

பெரியவர் இரண்டு போல்டையும் கழற்றிக் கீழே வைத்தார். வலப்பக்கத்துத் திருகைக் கையால் சுழற்றினார். லேசாகச் சுற்றியது. இடப்பக்கத்தைச் சுழற்றினார். அது ஷாஃப்டையும் கியர்பாக்ஸையும் இழுத்துக்கொண்டு மொத்தமாகத் திரும்பியது. போல்டே இல்லை, ஆனாலும் பிடித்துக்கொண்டிருக்கிறது. குழாயும் ஷாஃப்டும் துருவேறி ஒன்றாகிவிட்டன.

"இதை இப்படியே உங்களுக்குக் கொடுத்தால் நன்றாக வேலை செய்யும்" என்றார். "முதல் கல் சிக்கும்வரை."

கழற்றிய போல்ட்களை என் உள்ளங்கையில் வைத்தார். ஒன்றின் தலை வழுவழுப்பாக, எந்தக் குறியும் இல்லாமல் இருந்தது. அது மென்மையான இரும்பு, சரியானது. இன்னொன்றின் தலையில் நடுவிலிருந்து பிரியும் ஆறு கோடுகள். அது கிரேடு 8, மிகக் கடினமான எஃகு. முன்பு வைத்திருந்த யாரோ, போல்ட் அடிக்கடி உடைகிறதே என்று அலுத்துப்போய் உடையாத ஒன்றைப் போட்டுவிட்டார். நல்ல எண்ணத்தில்தான் போட்டிருப்பார். ஆனால் அந்தக் கருவியில் பலவீனமாக இருக்க வேண்டிய ஒரே இடத்தைப் பலப்படுத்திவிட்டார். எனக்கு இதைக் கேட்டதும் மனம் கனத்தது. நானும் அதையேதான் செய்திருப்பேன்.

அசிட்டோனையும் தானியங்கி கியர் எண்ணெயையும் சரிபாதி கலந்து ஒரு எண்ணெய்க்குடுவையில் வைத்திருக்கிறார்கள். கடையில் விற்பதைவிட இது துருவுக்குள் நன்றாக இறங்கும் என்பது மூவரின் நம்பிக்கை. குழாயின் இரு முனைகளிலும் அதை விட்டு, கேஸ் டார்ச்சால் சூடேற்றி, ஆறவிட்டு, மறுபடி விட்டு, மரச்சுத்தியலால் தட்டி, அப்படியே வைத்துவிட்டார்கள். "ஒரு வாரம் கழித்து வாருங்கள்." ஒரு வாரம் கழித்துப் போனேன், அசையவில்லை. அடுத்த வாரமும் அப்படியே. பத்தொன்பதாம் நாள் உதவியாள் தொலைபேசியில் கூப்பிட்டு ஒரே வார்த்தை சொன்னார்: "விட்டுடுச்சு." மகள் அதற்குள் குழாயில் ஒரு துளை போட்டு கிரீஸ் நிப்பிள் வைத்திருந்தார். இனி ஆண்டுக்கு இருமுறை கிரீஸ் அடித்தால் மறுபடி பிடிக்காது.

இம்பெல்லரில் அவர்கள் செய்த வேலையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அலகுகளின் நுனிக்கும் சுற்றியிருக்கும் உறைக்கும் நடுவே கால் அங்குல இடைவெளி இருந்தது. உலர்ந்த பனிக்கு அது பரவாயில்லை. ஈரப்பனி அந்தச் சந்தில் வழுக்கித் திரும்பிவந்து குழாயை அடைத்துவிடும். வைக்கோலை உருளையாகக் கட்டும் இயந்திரத்தின் பழைய ரப்பர் பெல்ட்டைப் பட்டைகளாக அறுத்து, நான்கு அலகுக்கும் ஒரே எடையில் இருக்கிறதா என்று தராசில் நிறுத்துப் பார்த்து, தகடு வைத்து முடுக்கினார்கள். ரப்பர் உறையைத் தொட்டுக்கொண்டே இருக்கும்படி விட்டார்கள். முதல் சில நிமிடத்தில் தேய்ந்து தன் அளவுக்குத் தானே வந்துவிடுமாம்.

இந்த மாகாணத்துக்கும் பனியைச் சுழற்றி எறிவதற்கும் பழைய தொடர்பு உண்டு. ரயில் பாதையில் பனியை அகற்றும் சுழல் கலப்பைக்கு 1869ல் காப்புரிமை வாங்கியவர் டொராண்டோவைச் சேர்ந்த பல் மருத்துவர் எலியட். இங்கிருந்து அதிக தூரமில்லாத ஆரஞ்ச்வில்லைச் சேர்ந்த ஆரஞ்ச் ஜல் அதை மேம்படுத்தினார். லெஸ்லி சகோதரர்கள் கட்டிய முதல் முழு அளவு இயந்திரம் 1883-84 குளிர்காலத்தில் ஓடியது. சாலைக்கான ஸ்னோபுளோயரை 1925ல் செய்தவர் கியூபெக்கின் ஆர்தர் சிகார்ட். பெரியவரிடம் இதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். "எல்லோருக்கும் வாசல் அடைத்திருக்கிறது" என்றார்.

மாட்டும் வேலைக்கு டிராக்டரை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போனேன். ஒரு முழு நாள் ஆனது. மேல் புல்லியும் கீழ் புல்லியும் ஒரே தளத்தில் நிற்கின்றனவா என்று நேரான இரும்புப் பட்டையை வைத்துப் பார்த்தார்கள். நூலளவு விலகினாலும் பெல்ட் எரிந்துவிடும். முன்னால் இவ்வளவு எடை ஏறியதும் பின்சக்கரத்துக்குப் பிடிமானம் குறையும். அதற்கு இரண்டு பின்சக்கரத்திலும் தலா 22 கிலோ இரும்புத் தட்டு, மேலே சங்கிலிகள். சிலர் பின் டயருக்குள் சர்க்கரை பீட்டின் சாறு நிரப்பிக்கொள்கிறார்கள். தண்ணீரைவிடக் கனமானது, கடுங்குளிரிலும் உறையாது, வளையத்தை அரிக்காது. எனக்குத் தட்டே போதும் என்றார்கள். வாயின் இருபுறமும் உள்ள சறுக்குக் கால்களை, சரளைப் பாதை என்பதால், வெட்டும் விளிம்பு தரையிலிருந்து ஓர் அங்குலம் உயர்ந்து நிற்கும்படி இறக்கினார்கள். இல்லாவிட்டால் கல்லை வாரி இறைக்கும்.

கிளம்பும்போது உதவியாள் ஒரு மரக்கழியைக் கொண்டுவந்து உறையின் பின்னால் கம்பியால் கட்டினார். அவருடைய இடக்கையில் இரண்டு விரல்களுக்கு நுனி இல்லை. பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், தன் வீட்டு வாசலில், குழாய் அடைத்தபோது எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் கையை விட்டாராம். இறுகிய பனிக்குப் பின்னால் பெல்ட்டின் இழுவிசை தேங்கி நின்றது. அடைப்பு விட்டதும் இம்பெல்லர் கால் சுற்றுச் சுற்றியது. அவ்வளவுதான். "எஞ்சின் ஓடவில்லை, அப்பவும் சுத்தும்" என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். நான் தலையாட்டினேன். அவர் போகவில்லை. "கழிதான். கை கூடாது" என்று என்னைச் சொல்லவைத்துக் கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தார்.

மொத்தம் 950 டாலர் வாங்கினார்கள். பத்தொன்பது நாள் காத்திருந்து துரு எடுத்ததற்கு அதில் எதுவும் சேர்க்கவில்லையே என்று ரசீதைப் பார்த்துக் கேட்டேன். "துரு உங்களுடையது இல்லையே" என்றார் மகள்.

டிசம்பர் இரண்டாம் வாரம் ஒரே இரவில் 40 சென்டிமீட்டர் விழுந்தது. விடியுமுன் இறங்கினேன். பாதை முழுவதும் இருபது நிமிடத்தில் முடிந்தது. பனி வெள்ளை வில்லாக எழும்பி பிர்ச் மரங்களுக்கு அப்பால் விழுந்தது. சாலையோர மேட்டில் நுழைத்தபோது டொக் என்று ஒரு சத்தம். இடப்பக்கத் திருகு நின்றுவிட்டது, வலப்பக்கம் சுழன்றுகொண்டிருந்தது. கிளட்சை விடுவித்து, எஞ்சினை நிறுத்தி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் பார்த்தேன். மேட்டுக்குள் ஒரு விறகுக்கட்டை. கழியால் நெம்பி எடுத்தேன். உறையின் பின்னால் மகள் ஒட்டிவைத்திருந்த சிறு குழாயில் ஆறு போல்ட், ஒரு ஸ்பேனர். விரல் மரத்துப்போயிருந்தது, நட்டை இரண்டுமுறை பனியில் தவறவிட்டுத் தேடினேன். பத்து நிமிடத்தில் மாற்றியாகிவிட்டது.

காலையில் பெரியவரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம்."

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் மகளிடம் அவர் சொல்வது கேட்டது: "இடப்பக்கம்தான். உடைஞ்சிடுச்சாம்."