கண்ணாடி துடைக்கும் கருவியை யார் தேர்ந்தெடுப்பது?

கோவளம் தாண்டி மாமல்லபுரம் நோக்கிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால், கடலைப் பார்த்து எழும்பியிருக்கும் கட்டடங்களில் பாதி கண்ணாடி. உள்நாட்டுப் பக்கம் வந்தால் மகேந்திரா வேர்ல்டு சிட்டி, சிறுசேரி சிப்காட். செங்கல்பட்டு மாவட்டத்தின் புதிய முகம் கண்ணாடியால் ஆனது. கடலோரக் கண்ணாடிக்கு ஒரு குணம் உண்டு. இன்று துடைத்தால் இரண்டு மூன்று நாளில் உப்புப் படலம் ஏறிவிடும். அப்படியே விட்டால் புள்ளி புள்ளியாகக் கெட்டிப்படும். ஆகவே அதைத் துடைக்க வருடம் முழுக்க ஆள் வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று தோழர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

செங்கல்பட்டுக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் இடையே இரண்டு சேரிகளைச் சேர்ந்த பதினோரு பேர் கூடி, கண்ணாடி துடைக்கும் வேலையைக் கான்ட்ராக்டர் இல்லாமல் நேரடியாக எடுத்துச் செய்வது என்று தொடங்கினோம். எங்களில் இருவர் மூவர் சமூகவியலும் சமூகப்பணியும் படித்தவர்கள். மற்றவர்கள் பத்து வருடத்துக்கு மேல் விடுதிகளில் ஹவுஸ்கீப்பிங் பார்த்தவர்கள், ஏழு பேர் பெண்கள். முதல் கூட்டத்தில் பேச வேண்டியதாக இருந்தது ஒன்றே ஒன்று: என்னென்ன வாங்குவது? இரண்டு மணி நேரத்தில் முடியும் என்று நினைத்த பட்டியல் மூன்று வாரம் இழுத்தது. அந்த மூன்று வாரத்தில் பேசியது கருவிகளைவிடப் பெரிய விஷயம் என்பதால் இதை எழுதுகிறோம்.

முதலில், அதுவரை கையில் இருந்தது என்ன? எங்கள் அக்கா ஒருவர் முன்பு வேலை செய்த விடுதியில் கொடுத்தது: கிழிந்த படுக்கை விரிப்புத் துணி, பழைய செய்தித்தாள், தரை துடைக்கும் வைப்பரை மூங்கிலில் கட்டியது, ஒரு கால் வளைந்த அலுமினிய ஏணி, கறை போகவில்லை என்றால் கழிவறை ஆசிட். கையுறையும் சேஃப்டி பெல்ட்டும்கூட இருந்தன, ஸ்டோர் ரூம் பூட்டுக்குள். மாதத் தொடக்கத்தில் அவற்றைப் பெற்றுக்கொண்டதாக ரெஜிஸ்டரில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொள்வார்களாம்.

பட்டியலுக்குள் போகும் முன்பே கூட்டத்தில் சண்டை வந்துவிட்டது. சட்டக் கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் எழுந்து கேட்டார்: "துடைப்பத்தக் கீழ போடுன்னு சொன்ன இயக்கம் நாம. இப்ப நல்ல துடைப்பமா பாத்து வாங்கித் தர்றதுக்கா இவ்ளோ படிச்சோம்?" கேள்வி நியாயமானது. துப்புரவை புனிதச் சேவை என்று காந்தி பாராட்டியதை அண்ணல் ஏன் எதிர்த்தார் என்று படித்த யாருக்கும் அந்தக் கேள்வி வரும், வர வேண்டும். கருவியை நவீனமாக்கினால் சாதி வேலை சொகுசாகிவிடுமே தவிர, சாதி போகாது.

அதற்குப் பதில் சொன்னவர் சமூகவியல் படித்த நாங்கள் இல்லை. அந்த அக்காதான். "வேலைய உடணும்னு சொல்றது சரிதான் தம்பி. எம் பொண்ணு இதுக்கு வராது, அத நான் பாத்துக்கறேன். இன்னிக்கு ஏணி ஆடுதே, அத யாரு புடிக்கிறது?"

தம்பியும் விடவில்லை, அக்காவும் விடவில்லை. கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம்: கருவி வாங்குவோம், ஆனால் எந்தக் கருவி என்பதை ஏணியில் ஏறுகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். படித்தவர்கள் எழுதித் தருவோம், விலை விசாரிப்போம், அவ்வளவே.

இங்கே ஒரு சின்ன வரலாறு. உலகம் முழுக்க ஜன்னல் துடைப்பவர்கள் கையில் வைத்திருக்கும் வைப்பரை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் எட்டோரே ஸ்டெக்கோன். இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போய், கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் ஜன்னல் துடைத்தவர். அன்றிருந்த வைப்பர் கனத்த இரும்பு, ரப்பரை மாற்றப் பல திருகுகளைக் கழற்ற வேண்டும். கை வலித்தவர் அவர், ஆகவே 1936-இல் பித்தளையில் ஒற்றை ரப்பர் விளிம்போடு இலேசான ஒன்றை அவரே செய்தார். இன்றும் அவர் பெயரில்தான் அந்த நிறுவனம் இருக்கிறது. அதே 1936-இல்தான் இங்கே பாபாசாகேப்பின் 'சாதி ஒழிப்பு' அச்சானது. சாதி வேலையைப் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையே பிரித்து அடுக்கி வைக்கிறது என்று அதில் வாதிட்டார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் ஊர் விளக்குமாற்றின் கைப்பிடி ஏன் முதுகை வளைக்கும் அளவுக்குக் குட்டையாக இருக்கிறது? இத்தனை நூற்றாண்டில் அதைப் பிடித்தவரிடம் நீளம் எவ்வளவு வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. பிடித்தவருக்கு அதை மாற்றிச் செய்து தன் பெயரைப் போட்டு விற்கும் உரிமையும் இல்லை.

சரி, பட்டியல். இதே வேலையில் இறங்க நினைக்கும் குழுக்களுக்குப் பயன்படலாம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

வைப்பர் மூன்று அளவு வாங்கினோம். பெரிய கண்ணாடிக்கு 18 அங்குலம், பொதுவாக 14, கட்டம் போட்ட ஜன்னலுக்கு 6. கடைக்காரர் எல்லாருக்கும் 18 அங்குலமே போதும், வேலை வேகமாக முடியும் என்றார். பிடித்துப் பார்த்த பெண்கள், நாள் முழுக்க அதை இழுத்தால் மணிக்கட்டு போய்விடும் என்று 14-ஐ அதிகம் கேட்டார்கள். உலோகத்தில் அலுமினியம் இலேசு, ஆனால் உப்புக்காற்றில் அரிக்கும். எனவே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ரப்பரில் கெட்டி, மிருது என்று இரண்டு வகை உண்டு. நம் வெயிலுக்குக் கெட்டி ரப்பர்தான் சரி, மிருதுவானது சூட்டில் இழுபடும். ஒரு விளிம்பு தேய்ந்தால் திருப்பிப் போடலாம், இரண்டும் தேய்ந்தால் புதிது. ரப்பர் விலை குறைவு. ஆனாலும் முன்பெல்லாம் மேலாளர்கள் சிக்கனம் பிடித்தது அதில்தான். பழைய ரப்பரால் கோடு விழும், கோடு விழுந்ததற்கு அக்காக்கள் திட்டு வாங்குவார்கள்.

தண்ணீர் தடவ நுண்ணிழை உறை போட்ட டி வடிவக் கட்டை. அது நேராக உள்ளே இறங்கும் நீள்சதுர பக்கெட். சோப்பு சில சொட்டுகள் போதும். கடலோரத்தில் ஒரு விதி முக்கியம்: முதலில் வெறும் தண்ணீர் ஊற்றி மணலையும் உப்பையும் இறக்கிவிட வேண்டும். காய்ந்த கண்ணாடியில் துணியைப் போட்டுத் தேய்த்தால் மணல் கீறிவிடும், கீறலுக்குச் சம்பளத்தில் பிடிப்பார்கள்.

நேரமும் ஒரு கருவிதான். வெயில் நேராக விழும் கண்ணாடியில் தண்ணீர் துடைப்பதற்குள் காய்ந்து தடம் விழும். நம் கடல் கிழக்கே இருக்கிறது. ஆகவே காலையில் மேற்குப் பக்கம், மதியத்துக்கு மேல் கடல் பக்கம் துடைப்பதுதான் முறை. விடுதிகளோ விருந்தினர் எழுந்து சூரிய உதயம் பார்ப்பதற்கு முன் கடல் பக்கம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்பார்கள். அப்படியானால் விடியற்காலை நாலு மணிக்கு இருட்டில் ஏணி. அந்த நேரத்தை நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் ஓர் இடத்தில் வேலை கிடைக்கவில்லை.

ஆசிட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கழிவறை ஆசிட் அலுமினியச் சட்டத்தை அரிக்கும், புகை நெஞ்சைப் பிடிக்கும். அதைவிட மோசமானது, கண்ணாடிக் கறை நீக்கி என்று விற்கும் சில திரவங்களில் இருக்கும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். சில கலவைகள் பட்டவுடன் எரியக்கூட எரியாது. சில மணி நேரம் கழித்துத்தான் வலி தெரியும், அதற்குள் தோலைத் தாண்டி உள்ளே இறங்கி உடம்பிலுள்ள கால்சியத்தைப் பிடித்துவிடும். உயிர் போகக்கூடும். லேபிளில் ஃபுளோரைடு என்றோ பைஃபுளோரைடு என்றோ எந்த வடிவில் இருந்தாலும் தொடாதீர்கள். லேபிளே இல்லாத வெள்ளைக் கேனையும் தொடாதீர்கள். உப்புக் கறைக்கு வெள்ளை வினிகரும் பொறுமையும் போதும். அதற்கும் போகாத கறையைப் போக்க முடியாது என்று எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.

இனி உயரம். தரையிலிருந்தே எட்டும் நீட்டுக்கம்பு கிடைக்கும்போது ஏணி எதற்கு? உப்பு நீக்கிய சுத்தத் தண்ணீரைக் கம்பின் வழியே ஏற்றி, நுனியிலுள்ள பிரஷ்ஷால் தேய்த்து அலசிவிடும் முறை இருக்கிறது. நான்கு மாடி வரை தரையில் நின்றபடியே செய்யலாம், துடைக்கக்கூட வேண்டாம், தண்ணீரில் உப்பில்லாததால் தடமில்லாமல் காயும். கம்பில் கார்பன் ஃபைபர் இலேசு, விலை அதிகம். அலுமினியமும் கார்பனும் மின்சாரத்தைக் கடத்தும் என்பதைக் கடைக்காரர்கள் தாங்களாகச் சொல்வதில்லை. கம்பி போகிற இடத்தில் அந்தக் கம்பை நீட்டினால் முடிந்தது. கண்ணாடி இழைக் கம்பு கடத்தாது, ஆனாலும் மின்கம்பி அருகில் எதையும் நீட்டுவதில்லை என்பது எங்கள் விதி.

அந்தச் சுத்தத் தண்ணீருக்கு ஆர்.ஓ. எந்திரமும் அயனி நீக்கும் பிசினும் வேண்டும். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்க ஒரு டி.டி.எஸ். மீட்டர், விலை சில நூறு ரூபாய்தான். கண்ணாடிக்கு அந்த எண் கிட்டத்தட்ட பூஜ்யம் இருக்க வேண்டும். மீட்டர் வந்த அன்று பிள்ளைகள் அதை எடுத்துப்போய்ச் சேரிக் கைபம்பு தண்ணீரில் வைத்துப் பார்த்தார்கள். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். அதைத் தாண்டி எண் ஓடிக்கொண்டே போனது. மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் வடக்கே நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013-லிருந்து ஓடுகிறது. அந்தத் தண்ணீர் சென்னைக்குப் போகிறது. விடுதிக் கண்ணாடிக்குப் பூஜ்யம், பிள்ளைகளுக்குக் கைபம்பு. கருவிப் பட்டியல் போடப் போய் நாங்கள் கலெக்டர் அலுவலகத்துக்குத் தண்ணீர் மனு எழுதியது இப்படித்தான்.

நான்கு மாடிக்கு மேல் கயிறும் கோண்டோலாவும். இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட் விழும்போது முதுகெலும்பை முறித்துவிடும். முழு உடல் பெல்ட் வேண்டும், ஐ.எஸ். 3521 முத்திரையோடு. பெல்ட்டைவிட முக்கியமான கேள்வி, அதன் கொக்கியை எதில் மாட்டுவது? மொட்டை மாடியில் அதற்கென்று பதித்த வளையம் இல்லாத கட்டடங்களில் தண்ணீர்க் குழாயில் மாட்டச் சொன்ன சூப்பர்வைசர்கள் உண்டு. இன்னொன்று, இந்த பெல்ட்டைப் புடவை மேல் போட முடியாது. அளவெல்லாம் ஆண் உடம்புக்கு. பெண்களை உயர வேலைக்கு எடுக்க மாட்டோம் என்பதற்கு நிறுவனங்கள் காட்டும் காரணமே அந்த அளவுதான்.

கவனியுங்கள், கயிறு வேலைக்குக் கூலி கூடுதல். அதற்கு ஐராட்டா என்ற பன்னாட்டுச் சான்றிதழ் மூன்று நிலைகளில் உண்டு, பயிற்சிக் கட்டணம் எங்களில் யாருக்கும் எட்டாதது. துணியும் ஆசிட்டும் இருந்தவரை சேரியைத் தேடி வந்த வேலை, கருவியும் சான்றிதழும் கூலியும் சேர்ந்தவுடன் வேறு கைக்குப் போகிறது. கேள்வி கேட்ட தம்பி இந்த இடத்தில்தான் எங்கள் பக்கம் வந்தார். இப்போது தாட்கோ வழியாக அந்தப் பயிற்சிக்கு உதவி கேட்டு விண்ணப்பம் தயாரிப்பவர் அவர்.

கருவி நமக்கு எதிராகவும் திரும்பும். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளக்கப் பகுதியைச் சட்ட மாணவர்கள் எடுத்துப் படியுங்கள். அறிவிக்கப்பட்ட சாதனங்களோடும் பாதுகாப்புக் கவசங்களோடும் அந்த வேலையைச் செய்பவர் 'கையால் மலம் அள்ளுபவர்' ஆகமாட்டார். அதாவது கையுறை போட்டுவிட்டால் ஆளே பட்டியலிலிருந்து மறைந்துவிடுவார். ஸ்டோர் ரூம் பூட்டுக்குள் பெல்ட்டை வைத்துக் கையெழுத்து வாங்கிய விடுதிக்கு இந்தத் தந்திரம் புதிதில்லை. இன்னொரு பக்கம், 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஜவுளிக்கடை முதலான இடங்களில் வேலை செய்வோருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்றார்கள். ஒரு நாற்காலியைச் சட்டத்துக்குள் கொண்டுவர முடியுமென்றால் ஒரு நீட்டுக்கம்பையும் கொண்டுவரலாம்.

மாமல்லபுரத்தில் 2019 அக்டோபரில் மோடியும் ஷி ஜின்பிங்கும் சந்தித்தது நினைவிருக்கும். கடற்கரையில் பிரதமர் குப்பை பொறுக்கிய வீடியோவில் அவர் கையிலிருந்தது என்ன என்று நாடே கேட்டது, அக்குபிரஷர் உருளை என்று அவரே பதில் சொன்னார். அதற்கு முன் அந்த ஊரைத் துலக்கி வைத்தவர்கள் கையில் என்ன இருந்தது என்று எந்தச் சேனலும் கேட்கவில்லை.

செங்கல்பட்டில் இது பழைய வழக்கு. நிலமும் ஏரும் மாடும் மிராசுதாருடையவை, உடம்பு மட்டும் படியாளுடையது. 1891-இல் கலெக்டர் திரமென்ஹீர் இம்மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கையில் அதைப் பார்த்தார், 1892-இல் பஞ்சமி நிலம் வந்தது. அதை மீட்கக் காரணையிலிருந்து எழுந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இறந்தார்கள். எங்கள் பக்கெட்டும் வைப்பரும் அந்த வரிசையில் மிகச் சிறியவை. ஆனால் அவை எங்கள் பெயரில் பில் போட்டு வாங்கியவை.

இப்போது இரண்டு விடுதிகளிலும் ஒரு மருத்துவமனைக் கட்டடத்திலும் வேலை நடக்கிறது. ஒப்பந்தத்தில் நாங்கள் சேர்த்த வரிகள்: கருவி எங்களுடையது, இரண்டாம் மாடிக்கு மேல் ஏணி இல்லை, காற்று பலமாக அடித்தால் வேலை நிறுத்தும் முடிவு களத்தில் நிற்பவருடையது, கழிவறை கழுவும் வேலை இந்த ஒப்பந்தத்தில் சேராது. கடைசி வரியை எடுத்துவிடச் சொல்லி மூன்று இடத்திலும் கேட்டார்கள். "கண்ணாடி தொடைக்க வர்றவங்கதானே, அதையும் ஒரு கை பாத்துட்டுப் போனா என்ன?" என்றார் ஒருவர். அந்த வரியை அக்கா விடவில்லை. கார்பன் ஃபைபர் கம்பு இன்னும் வாங்கவில்லை, சீட்டு அடுத்த மாதம் எங்களுக்கு விழுகிறது.